நான்காம் பிரதிவாதி

பஸ் பார்சலில் வந்தது,
அரக்குச் சிவப்புக் காலிகோ அட்டை, பொன்னெழுத்து,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிவெண்.
தலைப்பு: இட்டேரிகளும் வசதியுரிமைச் சட்டமும் –
காங்கேயம் வட்டத்து வழக்குகளை முன்வைத்து.

கூடவே படிவம்.
ஆய்வுச் சிக்கல் முப்பது, முறையியல் முப்பது,
தீர்ப்புகளைக் கையாண்ட விதம் ஐம்பது,
அடிக்குறிப்பு இருபது, மொழி இருபது.
எண்ணாலும் எழுத்தாலும் எழுதவும்.
அடித்தல் திருத்தல் கூடாது.

இருபத்தாறு வருஷமாய்க் கோயமுத்தூரில்
சொத்துரிமைச் சட்டம் நடத்துகிறேன்.
முதலில் அடிக்குறிப்பைத்தான் படிப்பேன்;
பொய் சொல்பவர்கள் அங்கேதான் அவசரப்படுவார்கள்.
இந்தப் பதிவெண் அவசரப்படவில்லை.

ஒப்புமை அறிக்கை இருபத்திமூன்று சதவீதம் என்றது.
எங்கே என்று தேடினேன்.
'அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக,
இடையீடின்றி, இருபது ஆண்டுகள்' –
பிரிவு பதினைந்து முழுக்கச் சிவப்பு.
சட்டத்தைச் சொந்த வார்த்தையில் சொன்னால் பிழை,
உள்ளபடி சொன்னால் திருட்டாம்.
ஓரத்தில் பென்சிலால் 'பரவாயில்லை' என்று எழுதினேன்.

மூன்றாம் இயலில் ஆய்வேடு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.
கிளுவை வேலிகளுக்கு நடுவே டேப் பிடித்து
ஒவ்வோர் இட்டேரியாய் அளந்திருக்கிறது:
வாயில் பதினோரு அடி,
கிணற்றுமேட்டில் எட்டரை,
பிரண்டை அடைத்த இடத்தில் 'அளக்க முடியவில்லை'.
இப்படியே போய்
எண்பத்து மூன்றாம் பக்கம், அட்டவணை ஏழு, வரிசை ஐந்து.
வாதி மாராக்காள்.
பிரதிவாதிகள் நால்வர்.
நாலாவது நான்.

அண்ணன் கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.
கம்பிவேலிக்கு முப்பதாயிரம் கேட்டார், அனுப்பினேன்.
'வடக்கே ஒரு தடமிருக்குது, அவளுக்கு அது போதும்' என்றார்.
வரைபடத்தைக்கூட நான் விரித்துப் பார்த்ததில்லை,
வசதியுரிமை நடத்துகிறவன்.
கடைசிக் கட்டத்தில் பதிவெண் எழுதியிருந்தது:
'இங்கே அகலம் மூன்றடி. வடக்கே தடம் இல்லை. பாறைக்குழி.'

தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக் கூடாது –
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரப் பாடம்.
படிவம் கேட்பது வேறு:
மாணவர் எனக்கு உறவினர் அல்லர்.
ஆமாம், அல்லர்தான்.
ஆய்வேடு உறவா என்று அது கேட்கவில்லை.

கூட்டிப் போட்டால் வாய்ப்பூட்டு.
குறைத்துப் போட்டால் பழி.
திருப்பி அனுப்பினால் இன்னொருத்தரைத் தேட நாலு மாசம்;
உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்துக்கோ
இந்த மாசக் கடைசிதான் கெடு.
என் நேர்மைக்கான செலவை
பெயர் தெரியாத ஒரு பதிவெண் கட்ட வேண்டும்.

நூற்றுப் பதினெட்டு என்று பென்சிலில் போட்டேன்.
வரிசை ஐந்தை விரலால் மூடிக்கொண்டு மறுபடி கூட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு.
விரலை எடுத்தேன்.
நூற்று இருபத்தாறு.
அந்த எட்டு யாருடையது?

குறிப்புக்கான கட்டம் இரண்டே வரி.
பேனாவால் எழுதினேன்:
'பக்கம் 83இல் நான்காம் பிரதிவாதி நானே.
இதை அறிந்து மதிப்பெண்ணை ஏற்கவோ தள்ளவோ செய்க.'
வெள்ளிக்கிழமை அனுப்பிவைத்தேன்.

திங்கள்கிழமை தேர்வுப் பிரிவுச் சென்னியப்பன் கூப்பிட்டார்.
'அய்யா, அந்தக் கட்டத்துல
நன்று, சுமார், ரெண்டுல ஒண்ணுதானுங் வரோணும்.
கம்ப்யூட்டர் வேற எடுத்துக்காதுங்.
ஆய்வேட்டோட புதுப் படிவம் அனுப்பீட்டேனுங்.'

வந்துவிட்டது.
அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை;
காட்டுக்குள் இருப்பார்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
பின்னிணைப்பில் படம் பன்னிரண்டைப் பார்க்கிறேன்:
டேப்பின் ஒரு முனை எங்கள் கம்பியில் மாட்டியிருக்கிறது.
மறுமுனையை யாரோ மிதித்து நிற்கிறார்கள்,
வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு.
பதிவெண்ணுடையதா, மாராக்காளுடையதா,
படக்குறிப்பில் இல்லை.
அடிக்குறிப்பிலும் இல்லை.