பதிலாள்

கொழும்பிலிருந்து படிவம் வந்தது.
பதினெட்டுக் கேள்வி.
ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம்.
நடுவில் எழுத இடம் விடவில்லை.

உபகரணங்கள் யாருடையவை?
என்னுடையவை.
மடிக்கணினிக்கு இன்னும் ஐந்து தவணை.
கீழே ரியூசன் கொட்டில் ஜெனரேற்றரிலிருந்து
ஜன்னலால் ஏறிவரும் ஒரு வயர்
மாதம் மூவாயிரத்துக்கு என்னுடையது.
கதிரை மட்டும் வீட்டுக்காரருடையது.
கதிரையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

வேலை நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்?

ஒக்ரோபர் கடைசி ஞாயிறு
லண்டனில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள்.
கொக்குவிலில் என் இராச்சாப்பாடு
ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குத் தள்ளிப் போகிறது.
புட்டு விறைத்துப் போய்க் கிடக்கும்.

"நானே" என்ற கட்டத்தை நிரப்பினேன்.

உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா?

இதில் நின்றுவிட்டேன்.
முந்தின மாரிக்கு எனக்கு டெங்கு.
ஒன்பது நாள் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில்
குருதித் தட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
என் கடவுச்சொல்லோடு நிரோஜன் இருந்தான்.
கிரொய்டனில் யாரோ ஒருவரின் சமையலறைச் சுவரை
நான் இடிக்க இருந்த அதே இடத்தில் இடித்து
வளையை ஒரு அளவு பெரிதாக வைத்தான்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் கமெராவை நிறுத்திவிட்டு
"நெற்வேர்க் சரியில்லை" என்று தட்டினான்.
நன்றிக்குப் பின்னால் நான் வைக்கும் இரண்டு புள்ளியைக்கூட
மறக்காமல் வைத்தான்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது.
பிறகு, காய்ச்சல் விட்ட பிறகு,
அவ்வளவு ஆறுதலாக இல்லை.

ஆம் என்று எழுதினால் நான் சுயாதீனமானவள்,
கூடவே கள்ளி.
இல்லை என்று எழுதினால் உண்மையானவள்,
கூடவே அவர்களின் ஆள்.

கஸ்தூரியார் வீதியில்
நகைக்கடைக்கு மேலே கணக்காளர் சுகிர்தா,
என்னைவிட நாலு வயது இளையவள்,
மாலுபணிசைக் கடித்தபடி படிவத்தைப் புரட்டினாள்.
"சட்டப்படி நீங்கள் என்னவோ, அதுதான்.
ஆனா காசு அனுப்பிறது அவை.
அவை சொல்லுறதுதான் நடக்கும்."
இரண்டாயிரத்து ஐந்நூறு.
பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துத் தந்தாள்.

ஆம் என்றே நிரப்பி அனுப்பினேன்.
நிரப்பியதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.
பதினொரு பேருக்கும் ஒரே பின்னேரம்
ஒரே கடிதம்.
வரி நோக்கங்களுக்காக நீங்கள் ஓர் ஊழியர்.
ஏனைய நோக்கங்களுக்காக அல்ல.

ஏனைய நோக்கங்கள்:
லீவு. காய்ச்சல். சேமலாப நிதி.
கதிரை.

மூன்றாவது பந்தி சொன்னது:
சேவையைத் தாங்களே வழங்கவேண்டும்.
தங்களின் இடத்தில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளப்படமாட்டார்.
கடிதத்தின் தலையில்
அன்புள்ள நிரோஜன்.

தொலைபேசியில் அவன் சிரித்த சிரிப்பில்
கீழே இரசாயனவியல் வகுப்பே நிமிர்ந்திருக்கும்.
"எனக்கு வந்தது மைதிலியின்ர.
மைதிலிக்கு வந்தது ஆரோ பர்ஹானின்ர.
பர்ஹானை ஒருத்தருக்கும் தெரியாது."
இரவு முழுக்கத் தேடினோம்.
என் பெயர் போட்ட கடிதம்
ஒருவரிடமும் இல்லை.
எங்கோ மாத்தறையிலோ மன்னாரிலோ
ஒருவர் என் இடத்தில்
ஊழியராகிவிட்டிருக்கிறார்.
அவருக்குப் புட்டு எத்தனை மணிக்கோ.

மறுப்புச் சொல்லப் பதினான்கு நாள்.
மறுக்க வேண்டியது நானா நிரோஜனா என்று
கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இன்று மழை. வயரில் நீர் சொட்டுகிறது.
நேரத்தைத் தீர்மானிப்பவள் நானேதானா என்று பார்க்க
இரண்டரைக்குத் திறக்கவேண்டிய மடிக்கணினியைத்
திறக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு
வீட்டுக்காரரின் கதிரையில் இருந்தேன்.
முதல் ஐந்து நிமிடம் நல்லாய்த்தான் இருந்தது.

இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கைபேசி அதிர்ந்தது.
இருக்கிறீர்களா?

பெயர் போடவில்லை.
ஓம் என்று தட்டி
இரண்டு புள்ளி வைத்தேன்.