பெயர்ச்சொல்

டோர்ஷவ்ன் துறை. மாலை ஏழு மணிக் கப்பல்.
பயணிகள் பட்டியலைத் திறந்த ஹெர்கெய்ரின் திரையில்
சின்னதாய் ஒரு பெட்டி எழுந்தது.
உள்ளே 1 என்று மட்டும்.
மூடினான். மறுபடி வந்தது.

தொலைபேசியில் மர்ஜுன் சிரிக்கவில்லை:
பெயர் கேட்ட கட்டத்தில்
மதியம் நான்தான் ஒரு வினையை எழுதிவைத்தேன்.
பெயர்ச்சொல் என்று நம்பி
அப்படியே ஏற்றிவிட்டது நம் நிரல்.
இது ஒன்று சொல்லிவிட்டு நிற்கிற வினை.
இன்னொருவர் எழுதியிருந்தால்
உன் சாவியோடு
சத்தமில்லாமல் இறங்கிப் போயிருக்கும்.

குறிகளையெல்லாம் வாசலிலேயே தடு என்றார் மேலாளர்.
போன வாரம் ஓ'ஷீயைத் தடுத்தோமே,
வலை விற்க வந்த மனுசன்,
பெயரில் ஒரு மேற்கோள் இருந்த குற்றத்துக்கு?

திரைக்கு வரும் இடத்தில் கை வைத்தாள்.
ஒவ்வொரு கூர் அடைப்பும்
தன் உருவமாக மட்டும் நிற்கும்படி.
முப்பத்தாறு பக்கங்கள்.
இரவு இரண்டு மணிக்கு விழித்து எழுந்தாள்:
பெட்டிகளில் ஒட்டும் சீட்டு!

காலையில்
பன்னிரண்டாம் வரியில்
அடைப்பும் அரைப்புள்ளியுமாய் அதே ஏவல்,
கேட்பாரின்றி,
வெறும் எழுத்தாய்.

ஏறவில்லை என்று குறித்துவிட்டு
கயிற்றை அவிழ்க்கச் சொன்னான் ஹெர்கெய்ர்.