ஆறாவது பிரதி

செக்காலை ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே கல் அறுக்கும் சத்தம் நின்றால்
கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.
யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும்.
அதற்குள் எதை அழிக்கலாம் என்று பார்க்கிறேன்.

கோட்டையூர் பலகாரக் கடையின் சாட்பாட் இது.
மனகோலம் கிலோ என்ன விலை, சீப்புச் சீடை தீர்ந்துவிட்டதா,
ஈப்போவுக்கு அனுப்பினால் நொறுங்குமா,
இரவு பகலாகப் பதில் சொல்கிறது.
உள்ளே
வணக்கம் பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறது.
ஒன்றில் இரண்டு ம்.
ஒன்றில் மூன்று ஆச்சரியக்குறி.
யாரோ அவசரத்தில் ஒரு ஃபங்ஷனை அள்ளி
அப்படியே பக்கத்தில் கொட்டி
பெயருக்குப் பின்னால் புது என்று ஒட்டியிருக்கிறார்கள்.
அப்புறம் புதுபுது.
அப்புறம் கடைசி.
கடைசிக்குப் பிறகு நிஜக்கடைசி.

சென்னையிலிருந்து வந்த நண்பன் திரையை எட்டிப் பார்த்து
"உங்க ஊர் வீடு மாதிரியே இருக்கு,
வாசலுக்குப் பின்னால வாசல்" என்றான்.
இல்லை.
அந்த வீடுகளில் வாசல் எங்கேயாவது போய்ச் சேரும்.
இங்கே ஏழு இஃப் தாண்டி உள்ளே போனால்
எட்டாவது இஃப் கேட்கிறது:
முதல் கேள்விக்கு என்ன சொன்னாய்?

பார்சல் கட்டணக் கணக்கு நான்கு கோப்புகளில்.
மூன்றில் ஒரே விலை. நான்காவதில் போன வருஷத்து விலை.
அந்த வழியாக வந்தவர்கள் எல்லாம்
பதினெட்டு ரூபாய் குறைவாகக் கொடுத்துப் போயிருக்கிறார்கள்.
கடைக்கார அடைக்கப்பனிடம் சொன்னேன்.
"அந்த வழிய யாருக்கும் காட்டிராதீங்க" என்றார்.
நான்கையும் ஒன்றாக்கினேன்.

செவ்வாய்க்கிழமை,
'போன தடவை வாங்கினதே அனுப்பவா?'
ஆறு பிரதிகள்.
ஐந்தை அழித்துவிட்டேன்.
ஆறாவதில் ஒரு வரி கூடுதல்:
ஒரு கைபேசி எண், பத்து இலக்கம்,
அதற்கு நேரே
கேட்காதே.

தேதி இல்லை. காரணம் இல்லை.
எழுதியவள் தாஹிரா, இப்போது ஓசூரில் வேறு வேலை.
போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அந்த வீட்டுல கடைசியா வாங்கினது
பதினாறாம் நாள் படையலுக்கு.
நாலு மாசம் கழிச்சு அந்தம்மா
ஏதோ விலை கேட்டு வந்திருக்காங்க.
இது போய், அதையே அனுப்பவான்னு கேட்டிருக்கு.
அவங்க திட்டலைக்கா.
வேண்டாம்னு மட்டும் அடிச்சிருந்தாங்க.
அன்னைக்கு ராத்திரி எனக்கு
அவ்வளவுதான் எழுதத் தெரிஞ்சுது."

அந்த எண்ணை அழித்தால் எந்த டெஸ்ட்டும் உடையாது.
அழித்தேன்தான்.
அதற்கு முன்னால் ஆர்டரில் ஒரு கட்டம் சேர்த்தேன்.
என்ன விசேஷம்? என்று முதலில் எழுதி,
பார்த்து,
எதற்காக? என்று மாற்றினேன்.
காரியத்துக்கு என்றால்
அந்த ஆர்டரைத் திரும்ப ஞாபகப்படுத்தக் கூடாது, யாருக்குமே.
இது ஒரே இடத்தில் இருக்கிறது.
பழைய ஆர்டர்களில் கட்டத்தை நானே நிரப்பினேன்,
அந்த எண்ணுக்கு முதலில்.
ஒரு டெஸ்ட்டும் எழுதினேன். அதன் பெயர் தாஹிரா.

நாலாயிரத்து முந்நூறு வரி
ஆயிரத்து நூறு ஆகியிருக்கிறது.
ஒரே மாதிரி இரண்டு ஃபங்ஷன் இன்னும் கிடக்கின்றன,
ஈப்போவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று.
இன்றைக்கு எண்கள் ஒன்றுதான்.
நாளைக்கு ஒருவன் கூட்டுவான், இன்னொருவன் கூட்ட மாட்டான்.
அதைத் தொடவில்லை.

கீழே கல் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.
ஒன்பது நாற்பதுக்கு முதல் ஆள்:
கந்தரப்பம் இருக்கா

பாட் ஒரு தடவை வணக்கம் சொல்லிவிட்டு
இருக்கு என்கிறது.