தலைப்பு மாற்றிச் செலவிடலாகாது

மார்ச் முப்பத்தொன்று. மாலை நாலரை.
மின்வாரியத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பாக்கியில்
காத்தாடி சுற்றுகிறது.
மேசையில் மூன்று கணக்குகள்,
ஒருவன் பசிக்கு இன்னொருவன் சோறு போடக்கூடாதென்று
பாகம் பிரித்துவிட்ட அண்ணன் தம்பிகள்.

மூன்றாம் எண் கணக்கில் நேற்றிரவுதான்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்து இறங்கியது.
கழிப்பறை கட்ட.
மேலத் தெருவில் ஏற்கெனவே ஒன்று கட்டி
பூட்டிய சாவி என் இழுப்பறையில் கிடக்கிறது.
தண்ணீர் இல்லை, அதனால் திறக்கவில்லை.
மோட்டார் எரிந்தது, அதனால் தண்ணீர் இல்லை.
இந்தப் பணத்தில் மோட்டாரைச் சரி செய்யலாமா என்று
ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
'தலைப்பு மாற்றிச் செலவிடலாகாது' என்றார் மேலாளர்,
பிள்ளை காதில் பெயர் சொல்கிறவர் போல
மூன்று முறை.

வீட்டு வரி வருடத்துக்கு எழுபத்தேழு ரூபாய்.
கேட்டுப் போனால் ஆள் இருக்காது, செருப்பு இருக்கும்.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு,
நாளைக்கு நாலு குடம்.
இரண்டு நாள் முடிவதற்குள் எங்கள் ஒரு வருடத்தை
லாரி குடித்துவிட்டுப் போய்விடும்.
பாசி எடுக்கும் ஜெபநேசம் மட்டும்
மூன்று வருட வரியைச் சேர்த்துக் கட்டினாள்.
'மூச்சடக்குன காசு, எண்ணி வாங்கு' என்றாள்.
நோட்டுகளைக் காத்தாடிக்குக் கீழே காயப்போட்டு
ரசீது எழுதினேன்.

ஒன்றாம் எண் கணக்குதான் எங்களுடையது.
அதில் சீமைக் கருவேலம் இருக்கிறது.
யாரும் நடாமல் கண்மாய்க்குள் வளர்ந்து
ஊர்த் தண்ணீரை உறிஞ்சிய அதே மரம்
கரிமூட்டக்காரர் ஏலத்தில்
நாற்பத்தோராயிரத்து அறுநூறு கொடுத்தது,
திருடனே வந்து அபராதம் கட்டினாற்போல.

அதில் மோட்டாருக்குக் காயில் கட்டப் பதினெட்டாயிரம்.
பிறகு தூய்மைக் காவலர் சம்பளம், இரண்டு மாதம்.
அவள் பெயர் களஞ்சியம்.
பட்டியலில் எழுதும்போதெல்லாம் பேனா தயங்கும்:
களஞ்சியத்துக்குப் பாக்கி.

தலைவர் சித்தி ராவியத்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.
இன்னொரு கையெழுத்து கடலில் இருக்கிறது.

துணைத் தலைவர் இன்னாசி
விடியுமுன் வலையோடு போனவர்.
போன் அடித்தால் சிங்களத்தில் ஒரு பெண் பேசுகிறாள்.
காசோலைப் புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு
கரைக்கு நடந்தேன்.
மெக்கானிக் தவ்பீக் பின்னால் வந்தான்.
களஞ்சியமும் வந்தாள், யாரும் கூப்பிடவில்லை.
ஏலக் கொட்டகைக் குத்தகைதாரர் எட்டிப் பார்த்து
தவணை ஞாபகம் வந்து
தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஐந்தரை. ஆறேகால்.
போன மாதம் டிவியில்
கோடி கோடியாய் வாசித்தார்கள்.
கோடி என்றால் ஓரம் என்றும் அர்த்தம் உண்டு.
கடைக்கோடியில் நாங்கள் மூன்று பேர்,
மணலில் நண்டு போட்ட கணக்குகளை
அலை வந்து வந்து தணிக்கை செய்தது.

ஏழு மணிக்குப் படகு.
இறங்கிய இடத்திலேயே, இடுப்பளவு தண்ணீரில்,
என் முதுகை மேசையாக்கிக்கொண்டார் இன்னாசி.
'தேதி இன்னைக்குத்தானே?'
'இன்னைக்குத்தான்ணே.'
காசோலை தப்பித்தது.
செலவுச் சீட்டில் அவர் தாடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
'சி' மட்டும் கரைந்தது.
தவ்பீக் செல்போன் வெளிச்சத்தில் தொகையைப் பார்த்தான்,
ஸ்பேனர் எடுக்கப் போனான்.
களஞ்சியம் தன் தொகையைப் பார்க்கவில்லை.
'தண்ணி எப்ப வரும்?' என்று மட்டும் கேட்டாள்.

ஆவணி மாதம் தணிக்கைத் தடை வந்தது.
இனம் பதினேழு:
'கையொப்பம் ஈரத்தால் கலைந்துள்ளது.
ஈரத்துக்கான காரணம் விளக்குக.'

இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினேன்:
கடல்.
ஊராட்சிக்கு வருவாய் ஏதும் இல்லாத இனம்.