தீர்ந்துபோன பேட்டரி

கொடுங்கையூர்க் குப்பைமேடு
வெயில் ஏறினால் அங்கங்கே புகையும்.
நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சோறு தின்போம்.
இந்த முறை சாத்தியும் வந்தது.
மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தில்
டயர் வாசனை.

ராத்திரி பதினொன்றரைக்கு
தண்டையார்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு வாசலில்
மூன்று ஷேர் ஆட்டோ, ஒரு மீன்பாடி வண்டி.
ஆட்களைவிடக் குடங்கள்தான் அதிகம் இறங்கின.
காஸ் சிலிண்டரை இடுப்பில் இடுக்கியிருந்த ஒருத்தி
"புள்ள எங்க, புள்ள எங்க" என்று
சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
அது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு
கூடவே சுற்றியது.

கேரம் கிளப் ஷட்டரைச் சம்பந்தம் தூக்கினார்.
பையன்கள் போர்டுகளைச் சுவரோரம் சாய்த்தார்கள்.
தரையில் படுத்தவர்கள் முதுகெல்லாம்
காலையில் போரிக் பவுடர்.
ரமீஜா நோன்புக்கஞ்சி அண்டாவைப் பரணிலிருந்து இறக்கி
உப்புமா கிண்டினாள்.
அவள் மாமனாரின் நெபுலைசர்
மாடிமாடியாய் ஏறி இறங்கி
பதினேழு மூக்குக்கு மூச்சு ஊதி
விடியும்போது சூடாகி நின்றுவிட்டது.
கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துச் சாவி
யாரிடம் இருக்கிறது என்று
மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.
கதவைப் பாதிதான் திறந்தேன்.
ஒரே அறை. ஒரே ஃபேன்.
அவர் ஹார்பரில் நைட் ஷிப்ட்.
"ரெண்டு பேர்னா பரவால்ல" என்றேன்.
எப்சிபா நாலு பேரோடு நின்றாள்.
நாலு பேரின் செருப்பையும்
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
ஒரு ஜோடி இடத்தில் வைத்தாள்.
அதற்குமேல் கதவைப் பிடித்துக்கொண்டு
நிற்க முடியவில்லை.

சாயங்காலம் கடல்காற்று புகையை மேற்கே தள்ளும்.
நடுராத்திரிக்குமேல் காற்று திரும்பும்.
ஓடிவந்தவர்களைத் தேடிக்கொண்டு
ரயில்வே கேட்டைத் தாண்டிப் புகையும் வந்தது.
ஈரத்துண்டைக் கதவிடுக்கில் செருகினோம்.
இருட்டில் ஐந்து பேர் இருமினோம்.
யார் இருமல் யாருடையது என்று
மூன்றாம் இரவில் தெரிந்துவிட்டது.
சின்னவன் யோபுவுக்கு
இரண்டு வறட்டு, ஒரு விசில்.

இரண்டாம் நாள் காலை
நான் பால் வாங்கி வருவதற்குள்
எப்சிபா என் குப்பைக்கூடை முன்னால் குத்துக்காலிட்டிருந்தாள்.
மேட்டில் பொறுக்கிய கை, சும்மா இருக்காது.
தேங்காய் ஓடு ஒருபக்கம், கவர் ஒருபக்கம்.
எங்கள் சுவர்க்கடிகாரத்தின் பழைய பேட்டரியை
இரண்டு விரலால் எடுத்துக் காட்டினாள்.
"இது தாங்கா உள்ள போய் வெடிக்கும்.
மேல பாத்தா ஒண்ணும் தெரியாது.
காலு வெச்சா பொத்துக்கும்."
புறங்காலைத் திருப்பினாள்.
பழைய தழும்பு, ஒரு ரூபாய் அளவு.

அவள் குற்றமாய்ச் சொல்லவில்லை.
கீரையில் பூச்சி பார்ப்பதுபோல்தான் சொன்னாள்.
"எந்தத் தெரு வண்டி எப்படி கொட்டும்னு
கண்ண மூடிட்டு சொல்லுவேன்."
எங்கள் தெரு எப்படி என்று கேட்க
வாய்வரை வந்தது.
பால் பொங்குகிறதா பார்க்கப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் போனார்கள்.
தீ அணைந்ததென்று சொன்னவர்கள்
மூன்று இடத்தில் இன்னும் புகைகிறதென்றும் சொன்னார்கள்.
எப்சிபா போர்வையைத் துவைத்துத்தான் கொடுத்தாள்,
எனக்குத்தான் அந்த வாசனை போகவில்லை.
யோபு கேரம் கிளப்பிலிருந்து
சிவப்புக் காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.
சம்பந்தத்துக்குத் தெரியும், கேட்கவில்லை.
இப்போது ஒரு சட்டைப் பொத்தானுக்குச்
சிவப்பு மை பூசி ஆடுகிறார்கள்.

பேட்டரியை அவள் வைத்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன்,
ஜன்னல் கட்டையில்.
டிவி ரிமோட்டுடையது இரண்டு சேர்ந்தது.
அப்புறம் டார்ச்சுடையது.
குப்பை வண்டிக்காரரிடம் கேட்டேன்,
"இத எங்க போடறது?"
"கூடையில போடுங்கம்மா" என்றார்.

ஏழு ஆகிவிட்டது.
துடைக்கும்போதெல்லாம்
ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்து
திரும்ப அங்கேயே வைக்கிறேன்.