ரசீதின் கடைசி வரி

கனோராவுக்கு வடக்கே, ஒன்பதாவது மைலில்,
பன்னிரண்டு வைக்கோல் உருளைகளை இழுத்துவந்த பிக்கப்
நின்றுபோனது.
இருமவில்லை, உதறவில்லை.
பேச்சின் நடுவே எழுந்து போகிறவரைப் போல
போய்விட்டது இன்ஜின்.

கொழுந்தன் ஒரெஸ்ட் ஃபில்டரைக் கழற்றி
வெள்ளைத் தட்டில் கவிழ்த்தான்.
டீசலுக்குள் மினுமினுப்பு,
கல்யாணத்துக்குப் போய்வந்த கன்னத்தில்
மறுநாளும் ஒட்டியிருக்கிற ஜிகினா மாதிரி.
"பம்ப் தன்னையே தின்றிருக்கிறது, லெஸ்யா."
தின்றதைத் துப்பியும் இருக்கிறது:
ரெயிலில், குழாய்களில், எட்டு இன்ஜெக்டரிலும்,
திரும்பும் வழியாக டேங்குக்குள்ளும்.

பம்பைச் செய்தவர்களைத் திட்டினான்,
அவன் அப்பா முரட்டு மாடுகளுக்கென்று வைத்திருந்த
உக்ரேனியச் சொற்களால்.
நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.
கொஞ்சம் அதிகமாகவே.

பதினோராயிரம் டாலர்.
ஸ்நோமொபைல் போனது. மூன்று கிடாரிகள் போயின;
ஒன்றுக்கு நான் பெயர் வைத்திருந்தேன்.

நவம்பர் கடைசி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கொட்டகையில் ஹீட்டர் உறும
டேங்கை இறக்கிக் கழுவினோம், மறுபடி கழுவினோம்,
உள்ளே போன வெள்ளைத் துணி
வெள்ளையாகவே திரும்பி வரும்வரை.
திறந்த வாய் ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு மூடி.
ஒரெஸ்டின் சட்டம் அது.
"திறந்தவர்தான் மூட வேண்டும்."
இன்ஜெக்டர் முனையின் துளை என் தலைமுடியிலும் மெல்லியது,
அதற்குள் இருபத்தாறாயிரம் பவுண்டு அழுத்தம்.
ஒரு தும்மல் போதும், என்றான்.
மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

புது பம்ப், பழைய மாடல்:
கனம் அதிகம், சாமர்த்தியம் குறைவு,
எதைக் கொடுத்தாலும் செரிக்கும்.
சேஸிஸ் ஓரமாக ஒரு லிஃப்ட் பம்ப்,
அதில் இரண்டு ஃபில்டர்: தூசிக்கு ஒன்று,
தண்ணீருக்கு ஒன்று.
தண்ணீர் என்று அவன் சொன்னதும்
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடப் போனேன்.
என் கையில்தான் இருந்தது அது.

சொல்லிவிடுகிறேன்.
ஜூனில் ஒரு மாலை, பண்ணை டேங்கின் மூடியைத் திறந்தபோது
மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு
ஸடோரோஷ்னியின் கனோலாவுக்குள் ஓடின,
நானும் ஓடினேன்.
இரவெல்லாம் மழை.
காலையில் மூடி புல்லில் மல்லாந்து கிடந்தது,
வாய் நிறையத் தண்ணீரோடு.
துடைத்தேன். மூடினேன்.
டீசல் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் தங்கும்,
அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சும்.
எனக்குத் தெரியாததா இதெல்லாம்?
வண்டி நின்ற இரவில்தான்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அடித் திருகைத் திறந்து வடித்தேன். இரண்டு வாளி.

"சாவியைப் பாதி திருப்பு. நிறுத்து. காற்று போகட்டும்."
லிஃப்ட் பம்ப் முனகியது.
மூன்று முறை.
நான்காவதில் ஒரு செருமல், வெள்ளைப் புகை,
ஒரு சிலிண்டர், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று,
தகராறு போல இரண்டு மூன்று,
பிறகு எட்டும் ஒரே குரலில்.
தகர ஷெல்ஃபில் நட்டுகள் நடுங்கின.
ஒரெஸ்ட் சிரிக்கவில்லை; கையை மட்டும்
இரண்டு முறை துடைத்துக்கொண்டான்.

ரசீதை டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினான்.
பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எட்டு, கிளாம்ப் இருபத்திநான்கு,
கடைசி வரி பென்சிலில்:
பண்ணை டேங்க் மூடி, கீல் வைத்தது,
தானாக மூடிக்கொள்ளும் வகை. ஒன்று.
ஒன்பது டாலர் நாற்பது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
டேங்கின் மேல் அது ஏற்கெனவே இருந்தது,
அதன் மேல் நேற்றைய பனி.

ஹாரன் அடித்தேன்.
திரும்பாமலே கையைத் தூக்கினான்,
கொட்டகைக்குப் பின்புறமாக நடந்தான்,
அங்கேதான் நான் கொட்ட மறந்த இரண்டு வாளியும்
அடிவரை உறைந்து,
மேலே டீசலின் வானவில்லோடு.