மூணாறு தலைப்பு

முதலில் மோதிரம்.
சோப்புக்கும் வரவில்லை, நல்லெண்ணெய்க்கும் வரவில்லை.
நீடாமங்கலம் கடைத்தெரு ஆசாரி
கட்டரை உள்ளே விட்டு நறுக்கும்போது சொன்னார்,
"சதை போட்டிருக்கீங்க."
போடவில்லை. நான் தையற்காரி,
என் இடுப்பளவு எனக்குத் தெரியும்.

பிறகு செருப்பு. ஆறு, ஏழு,
அப்புறம் ஆண்கள் வரிசையில் எட்டு.
கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் மாட்டிக்கொண்டு
வெட்டிய துணியோடு எழுந்து நின்ற நாள் ஒன்று.

"அண்ணே, கலாவல்லி அக்கா இல்லையா?"
போனில் கேட்டாள் பதினைந்து வருட வாடிக்கைக்காரி.
"நாளைக்கு வாங்க" என்றேன்
அண்ணனாகவே.

ரேஷன் கடைப் பையன்
அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
அட்டையில் இருந்தவளுக்குத் தாடை சின்னது,
பல் நெருக்கம்.
என் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம்.

ஏழு வருடம்.
ஒரே ராத்திரியில் நடந்திருந்தால் ஊர் கூடியிருக்கும்.
மெல்ல நடந்ததால்
கூடப் படுத்தவருக்கே தெரியவில்லை;
குறட்டையை மட்டும் குறை சொன்னார்.

நூல் கோர்க்க முடிந்தது கடைசிவரை.
மேசையின் இரண்டு ஓரங்கள்தான் காணாமல் போயின.
வலப்பக்கம் வைத்த பாபின்,
இடப்பக்கம் வந்த மொபெட்.
இருட்டு இல்லை அது.
இருட்டென்றால் தெரியுமே.

கண்ணாடி மாற்றத்தான் மன்னார்குடி போனேன்.
டாக்டரம்மா இரண்டு விரலைக் காதோரத்திலிருந்து
முன்னால் கொண்டுவந்தார்.
"தெரியறப்ப சொல்லுங்க."
நான் சொல்லவே இல்லை.
விரலை விட்டுவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தார்.
"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

தஞ்சாவூரில் ஸ்கேன்.
மூளைக்கு அடியில்
குதிரைச் சேணம்போல் ஓர் எலும்பாம்,
அதன்மேல் பட்டாணியளவு பிட்யூட்டரி,
அதற்குள் இலந்தைப்பழம்போல் ஒரு கட்டி.
கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்தை
முட்டிக்கொண்டிருந்தது.
"புற்று இல்லை" என்றார்கள் முதலில்.
"ஆனா வளரு வளருன்னு
உடம்புக்குச் சொல்லிட்டே இருக்கு."
கை, கால், நாக்கு, இதயம்,
சர்க்கரை, பிரஷர்,
நின்றுபோன தீட்டு
எல்லாம் ஒரே கணக்கில் வந்தன.

குணசீலனுக்கு உடனே புரிந்தது.
மூணாறு தலைப்பில் லஸ்கர் அவர்.
வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும்
பிரியும் இடத்தில் ஷட்டர் ஏற்றி இறக்குபவர்.
"தலைப்புல ஷட்டர் மாட்டிக்கிட்டா
கடைமடை வரைக்கும் தொல்லைதான்" என்றார்.
டாக்டரும் தலையாட்டினார்.
எனக்குப் பிடிக்கவில்லை.
ஆற்றில் மிகுவது தண்ணீர்.
என்னில் மிகுந்தது நான்.

மூக்கு வழியாகப் போய் எடுத்தார்கள்.
தழும்புகூட இல்லை, யாருக்கும் காட்ட.
மூக்கைச் சிந்தாதே, குனியாதே, முக்காதே.
இரண்டாம் நாள் தாகம்.
அப்படியொரு தாகம் நான் கண்டதில்லை;
குடித்ததெல்லாம் வெள்ளையாகவே போயிற்று.
"வரும், பெரும்பாலும் நின்னுடும்,
அளந்து எழுதுங்க" என்றாள் நர்ஸ்.

அளப்பது அவர் வேலை.
காலை ஆறு மணிக்கு ஆற்று அளவு குறிக்கும்
அதே நோட்டை எடுத்துவந்திருந்தார்.
உள்ளே 3600. வெளியே 5100.
உள்ளே 2800. வெளியே 3000.
ராத்திரி இரண்டு மணிக்கும்
டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தார்,
அரை அங்குலத்துக்கு ஊர் சண்டைக்கு வரும் என்பதுபோல.

மேசைக்கு ஓரங்கள் திரும்பிவிட்டன.
பற்றவைத்த மோதிரம் விரல் கணுவரை வருகிறது.
தாடை எலும்பு திரும்பாது
என்று சொல்லிவிட்டார்கள்.
மாதம் ஓர் ஊசி,
ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.
ஆதாரில் படத்தை மாற்றினேன்.

அந்த நோட்டு இன்னும் தலைப்புக் கொட்டகையில் இருக்கிறது.
ஜூலை பதினேழு வரை வெண்ணாறு.
பிறகு நான்கு நாள் நான்.
பிறகு, கோடுகூடப் போடாமல்,
வெண்ணாறு.